திருத்தம் டீச்சரின் வெள்ளிக்கடிதம்

வெள்ளிக்கிழமை பதினொன்றே கால் மணிக்கு டீச்சர் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, நகலெடுக்கும் இயந்திரம் இருக்கிற அறைக்குள் வெறுங்காலோடு நுழைவார். புனிதமான இடமொன்றுமில்லை. துடைப்பங்களையும் கால் உடைந்த நாற்காலிகளையும் போட்டு வைத்திருக்கிற ஒரு பொந்து. செருப்புக்காலோடு போன மூன்று தடவையும் இயந்திரம் தாளைக் கடித்துத் துப்பிவிட்டதாம். "அதுக்கும் மரியாதை வேணும்ங்க. நம்ம பிள்ளைங்க மாதிரிதான். மொறச்சா ஒண்ணும் நடக்காது" என்பார். பிறகு பொத்தானில் முப்பத்தொன்று என்று அழுத்துவார். வகுப்பில் பிள்ளைகள் முப்பத்தொரு பேர். முப்பத்திரண்டாவது பிரதி எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. தலைமையாசிரியைக்கு ஒரு பிரதி வேண்டுமென்றால் யாராவது பெற்றோரைப் பிடித்துக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தக் கிறிஸ்தவத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர் இவர். பிள்ளைகள் வாரம் முழுக்க என்ன கற்றார்கள் என்று பெற்றோருக்குத் தெரிந்தாக வேண்டும் என்பது இவர் கொள்கை. பத்தொன்பது வருஷமாக ஒரு வெள்ளி தவறாமல் கடிதம் போகிறது. ஒரே தாள், இரண்டு பக்கம், சொந்தக் கையெழுத்து. தலைப்புகளும் மாறுவதில்லை. படித்தது, பாடியது, மனப்பாட வசனம் என்று மூன்றோடு மற்ற டீச்சர்கள் நிறுத்திக்கொள்வார்கள். இவர் அதற்குக் கீழே 'மறந்தது' என்று ஒன்று வைத்திருக்கிறார். "ஏழாம் வாய்ப்பாடு போன வாரம் வந்தது, இந்த வாரம் காணோம். வீட்டில் தேடிப் பார்க்கவும்" என்று அதில் கூச்சமே இல்லாமல் எழுதுவார்.

அதற்கும் கீழே 'ஜெபக் குறிப்பு'. காலை ஜெபத்தில் எதற்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்பார். பிள்ளைகள் சொன்னதை ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல் கடிதத்தில் போடுவார். "அம்மாவின் தம்பிக்கு வேலை கிடைக்க. கிடைத்து எங்கள் வீட்டை விட்டுப் போக" என்று ஒருமுறை வந்தது. முப்பத்தொரு வீட்டிலும் அதை வாசித்தார்கள். அந்தத் தம்பி இரண்டே வாரத்தில் வேலை தேடிக்கொண்டு பெட்டியோடு கிளம்பிவிட்டார். ஜெபம் கேட்கப்பட்டது என்று டீச்சர் அடுத்த கடிதத்தில் மகிழ்ச்சியோடு அறிவித்தார். அந்தப் பிள்ளையின் அம்மாவோ ஒரு மாதம் பள்ளிக்கூடப் பக்கமே தலைகாட்டவில்லை.

எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவதுதான் 'திருத்தம்'. ஊர் இவருக்குத் திருத்தம் டீச்சர் என்று பெயர் வைத்ததே இதனால்தான். வாரத்தில் தாம் சொன்ன தப்பையெல்லாம் பொறுக்கி எடுத்து, வெள்ளிக்கிழமை பெற்றோர் முன்னால் போட்டு உடைத்துவிடுவார். "புதன்கிழமை வௌவாலைப் பறவை என்றேன். அது பறவை அல்ல. வருந்துகிறேன்." "பாட்டின் இரண்டாம் சரணத்தை முதலில் பாடிவிட்டோம். கர்த்தருக்குப் புரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்." சில வாரம் போன வாரத் திருத்தத்துக்கே ஒரு திருத்தம் வரும். திருத்தம் இல்லாத கடிதம் என்று ஒன்று இந்தப் பத்தொன்பது வருஷத்தில் வெளியானதில்லை.

கழித்தல் கணக்கு நடந்த வாரத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். "இந்த வாரம் பிள்ளைகள் கடன் வாங்கக் கற்றுக்கொண்டார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் தயங்காமல் வாங்க வேண்டும், திருப்பித் தரத் தேவையில்லை" என்று எழுதிவிட்டார். திங்கட்கிழமை காலை ஒரு தகப்பன் மூச்சிரைக்க வந்து நின்றார். "டீச்சர், எம்பையன் பக்கத்து வீட்டுக் கதவத் தட்டி 'பத்து குடுங்க, எங்க டீச்சர் சொன்னாங்க'ன்னு நிக்கிறான். அந்தம்மா நாங்க ஏதோ நொடிச்சுப் போயிட்டோம்னு அழறாங்க!" என்றார். அடுத்த வெள்ளி திருத்தம் வந்தது. "கடன் கழித்தலில் மட்டும். பக்கத்து இலக்கத்திடம் மட்டும். பக்கத்து வீட்டில் அல்ல."

தலைமையாசிரியைக்கு இது தீராத தலைவலி. "டீச்சர், ஒரே ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் திருத்தம் இல்லாம அனுப்புங்களேன். தப்பா சொல்லிக்குடுத்துட்டு, தப்பா சொல்லிக்குடுத்தோம்னு நாமளே நோட்டீஸ் அடிக்கிறோம்!" என்று கெஞ்சிப் பார்த்துவிட்டார். டீச்சர் அசையவில்லை. "தப்பில்லாத வாரம் வரட்டும் மேடம், அனுப்பறேன்" என்றார். டீச்சரின் வீட்டுக்காரர் இன்னும் மோசம். மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்ற மனிதர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடிதத்தின் மூலத்தை ஒருமுறை வாசித்துவிட்டு, "ஏம்மா, இது கடிதமா, வாக்குமூலமா?" என்று கேட்பார். வாரம் தவறாமல் இதே கேள்விதான். டீச்சரும் வாரம் தவறாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

ஷூ நாடாவில் கட்டிய சிவப்புப் பேனா ஒன்று எந்நேரமும் கழுத்தில் தொங்கும். பள்ளிக்கு வரும் வழியில் கடைகளில் ஒட்டியிருக்கிற அறிவிப்புகளில் ஒற்று விட்டுப்போயிருந்தால் போட்டுவிட்டுத்தான் நகர்வார். மருந்துக்கடைக்காரர் இவர் தலையைக் கண்டதும் பலகையை உள்ளே எடுத்து வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போதகர் வாசலில் நின்று கைகுலுக்குகிறபோது, இவர் கையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு அவர் கைக்கு மாறும். "ஐயா, பிரசங்கத்தில் பன்னிரண்டு என்றீர்கள். பதினொன்று." போதகர் பொறுமைசாலி. சீட்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்து வருகிறார். பொய் என்றால் டீச்சருக்கு உடம்பு கூசும். ஆனால் தவறு, பொய் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று இவர் யோசித்துப் பார்த்ததே இல்லை. யோசிக்க வைத்தவள் ஒரு ஏழு வயதுக்காரி.

அவளுக்கு வகுப்பில் ஜன்னலோரக்காரி என்று பெயர். இடம் ஜன்னலோரம், பார்வை ஜன்னலுக்கு வெளியே. ரோட்டில் லாரி போனால் அது எத்தனை சக்கரம் என்று பார்க்காமலே சத்தத்தை வைத்துச் சொல்லுவாள். அப்பா நெடுந்தூர லாரி ஓட்டுகிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார், வந்தால் முக்கால்வாசி நேரம் தூங்குவார். அம்மாவுக்கு பேக்கரியில் வேலை, விடிவதற்கு முன்னால் போய் மத்தியானம் திரும்புகிறவர். கடிதத்தின் அடியில் 'வாசித்தேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கிழித்து அனுப்ப ஒரு துண்டு உண்டு. ஜன்னலோரக்காரி கொண்டுவரும் துண்டில் அம்மாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில், பென்சிலில், கொட்டை எழுத்தில் 'அப்பா கேட்டார்' என்று இன்னொரு வரி இருக்கும்.

டீச்சருக்கு அந்தத் துண்டின் மேல் தனிப் பிரியம். வாசித்தேன் என்று வருகிற முப்பதிலும் எத்தனை பேர் உண்மையில் வாசித்தார்கள் என்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். கேட்டார் என்று ஒரு ஆளாவது இருக்கிறாரே! "சனிக்கிழமை காலைல போன்ல அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுவேன் டீச்சர்" என்று அவள் சொன்னபோது டீச்சர் உருகிப் போனார். எப்படி வாசிக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் லாரி வந்து நின்றிருக்காது.

அந்த வாரம் பேழைப் பாடத்துக்கு இரண்டாம் வாரம். பெருவெள்ளத்துக்கு முன்னால் கர்த்தர் சொல்லிக் கப்பல் கட்டி, மிருகங்களை இரண்டிரண்டாக ஏற்றிக்கொண்டாரே ஒரு பெரியவர், அந்தக் கதை. கொப்பேர் மரத்தில் கட்டினார் என்று டீச்சர் சொன்னதும், கொப்பேர் மரம்னா எது டீச்சர் என்று கேட்டார்கள் பிள்ளைகள். டீச்சர் தெரிந்தமாதிரி நடிக்கிற ஆளா? முந்தின வெள்ளிக் கடிதத்திலேயே எழுதிவிட்டார். "கொப்பேர் மரம் எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பெற்றோர் தெரிவிக்கவும். சின்னப் பேழை செய்வதற்கு ஒவ்வொரு பிள்ளையும் காலித் தீப்பெட்டி ஒன்று கொண்டுவரவும்." ஒரு பெற்றோரும் வாய் திறக்கவில்லை. தீப்பெட்டி மட்டும் முப்பத்தொன்றும் வந்து சேர்ந்தது. மனப்பாட வசனம் அந்த வாரம் பார்த்துப் பொய் சொல்லாமலிருப்பதைப் பற்றியது.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு வகுப்பில் பசை மணம். பிள்ளைகள் தீப்பெட்டிக்குக் கூரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேஜைமேல் அன்றைய கடிதம் தயார். திருத்தம் என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் காலி. அதைக் கடைசி நிமிஷத்தில்தான் நிரப்புவார், தப்புக்கு முழு அவகாசம் கொடுக்க வேண்டுமல்லவா. அப்போது ரோட்டில் ஒரு ஹாரன் அலறியது. ஜன்னலோரக்காரி தலை தூக்காமலே, "பதினாலு சக்கரம்" என்றாள். அடுத்த நொடி அவள் முகம் வெளுத்துவிட்டது.

காவலாளி ஓடி வந்தார். "டீச்சர், உங்களுக்கு மரம் வந்திருக்கு. எங்க இறக்கணும்னு கேக்கறாங்க."

"மரமா? நான் எதுக்கு மரம் கேட்டேன்?"

"நீங்கதான் எழுதிக் கேட்டீங்களாமே. ரெண்டு பேர் வந்திருக்காங்க. ரெண்டு ரெண்டாதான் வரணும்னு சொன்னீங்களாம்."

டீச்சர் வாசலுக்கு வருவதற்குள் ஆளுக்கொரு முனையாகப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வராந்தாவுக்கே வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கும்பிட்டார். "வணக்கம் டீச்சர். நான் பாப்பாவோட அப்பா. ரெண்டு ரெண்டா வரணும்னு எழுதியிருந்தீங்க. எங்கிட்ட இன்னொரு அப்பா ஏது? அதான் டிப்போலேருந்து இவனக் கூட்டிட்டு வந்தேன். ரிவர்ஸ்னு கூப்பிடுவோம், ரிவர்ஸ் எடுக்கறதுல புலி. இவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகல. பரவாயில்லையா?"

டீச்சர் பலகையையும் ரிவர்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். பரவாயில்லை என்பதா, எதற்குப் பரவாயில்லை என்று கேட்பதா?

"இந்தக் கொப்பேர் மரம் இருக்கே, உயிர வாங்கிடுச்சு டீச்சர்" என்று அப்பா தொடர்ந்தார். "நாலு ஊர்ல கேட்டேன். ஒருத்தன் இப்ப சீசன் இல்லன்றான். ஒருத்தன் வெளிநாட்டுச் சரக்கு, ஆர்டர் போட்டாதான் வரும்ன்றான். கடைசியா ஒரு கடைக்காரன் ஆளக் கொஞ்ச நேரம் உத்துப் பாத்தான். உள்ள போனான். கொண்டாந்து குடுத்துட்டான். அசல்னு எழுதியே குடுத்துட்டான், பாருங்க."

சாதாரண ஒட்டுப்பலகை. அதன்மேல் சாக்கட்டியில் 'கொப்பேர் மறம் அசல்' என்று எழுதியிருந்தது. டீச்சரின் மூளை நின்றுபோய்விட்டது. கை நிற்கவில்லை. அது தன் பாட்டுக்குச் சிவப்புப் பேனாவைத் திறந்து, 'மறம்' என்பதை அடித்து 'மரம்' என்று எழுதியது. "பாத்தியாடா, இவங்கதான்! அதே டீச்சர்!" என்று ரிவர்ஸ் பரவசப்பட்டுப் போனார்.

"கடிதம்... நீங்க எப்படி வாசிக்கறீங்க?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"வாசிக்கறது பாப்பா. சனிக்கிழமை காலைல நான் போனை ஸ்பீக்கர்ல போட்டுடுவேன். டிப்போல பதினோரு பேர் உக்காந்து கேப்போம். உங்க கடிதம்னா அவனவன் டீயக் கீழ வச்சுடுவான், ஆமா. போன மாசம் பெரிய மீன் உங்கள முழுங்கின வாரம் இருக்கு பாருங்க, இவன் அழுதே போட்டான்."

"மூணு நாள் மீன் வயித்துக்குள்ள இருந்தும் அட்டெண்டன்ஸ் எடுத்தீங்களே டீச்சர்" என்றார் ரிவர்ஸ். சொல்லும்போதே குரல் கம்மியது. "முப்பத்தொரு பேரும் உள்ள இருந்தே 'பிரசன்ட் டீச்சர்'னாங்களே. அத மறக்க முடியுமா?"

வேதாகமத்தில் மீன் வயிற்றில் மூன்று நாள் இருந்தவரைப் பற்றி டீச்சர் பாடம் நடத்தினது உண்மை. விழுங்கப்பட்டது தாம் என்று எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. திரும்பிப் பார்த்தார். ஜன்னலோரக்காரி கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். கையில் தீப்பெட்டிப் பேழை நசுங்கிக்கொண்டிருந்தது. அப்பாவிடம் ஓடவில்லை. அவள் கண் டீச்சரை விட்டு நகரவில்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும், அவளுடைய இத்தனை மாதத்துச் சனிக்கிழமைகளும் பொய்யென்று ஆகிவிடும். அந்த வாக்கியத்தைச் சொல்வதையே தொழிலாக வைத்திருப்பவர் எதிரில் நிற்கிறார்.

"ஆனா எங்களுக்குப் பிடிச்சது கடைசில வர்ற திருத்தம்தான்" என்றார் அப்பா. இப்போது அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "அப்பா இந்த மாசம் வருவார்னு எழுதினோம், தவறு, வரலன்னு ஒரு வாரம். அப்பா பிறந்தநாளுக்கு வருவார்னு எழுதினோம், தவறுன்னு ஒரு வாரம். யாரு பெத்த பிள்ளைக்காகவோ நீங்க இவ்வளவு அக்கறையா எழுதறீங்க. பெத்தவன் நான் வண்டில உக்காந்துக்கிட்டு தலையாட்டிட்டு இருக்கேன். போன சனிக்கிழமை வராத அப்பாவோட பிள்ளைங்கள பேழைல ஏத்த மாட்டோம்னு எழுதிட்டீங்க. கொஞ்சம் கடுமைதான் டீச்சர். ஆனா நியாயம். நூத்தி எம்பது கிலோமீட்டர் சுத்திக்கிட்டு வந்துட்டேன். வண்டில நானூறு பீங்கான் கக்கூஸ் இருக்கு, அஞ்சு மணிக்குள்ள குடோன்ல இறக்கணும்."

பத்தொன்பது வருஷமாக வௌவாலையும் சரணத்தையும் திருத்திக்கொண்டிருந்திருக்கிறோம், இவ்வளவு பெரிய திருத்தத்தை இந்தச் சுண்டைக்காய் வாராவாரம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாளே என்று டீச்சர் நினைத்தார். அதே சமயம் பொய் சொல்லாதே என்கிற வசனம் வேறு கரும்பலகையில் பெரிய எழுத்தில் இருந்தது, அவரே எழுதினது.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்து சேர்ந்தார். பலகை, இரண்டு டிரைவர்கள், கேட்டுக்கு வெளியே பதினாலு சக்கரம், எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். காவலாளி நடந்ததைச் சொன்னார். தலைமையாசிரியையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கடிதத்தை நிறுத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? "டீச்சர், இதெல்லாம் நீங்க எழுதினதா? ஆமாவா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

இல்லை என்பதுதான் சரியான விடை. டீச்சரின் நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. ரிவர்ஸ் குறுக்கே புகுந்தார். "டீச்சர், ஒரு சின்ன ஆசை. இந்த வாரக் கடிதத்த நேர்ல கேட்டுட்டுப் போகலாமா? டிப்போல போயி நாங்க நேர்லயே கேட்டோம்னு சொல்லணும்."

டீச்சர் மேஜைக்குப் போனார். கடிதத்தை எடுத்தார். அதில் இருந்ததெல்லாம் மூன்று இலக்கக் கழித்தல், ஒரு பாட்டு, ஒரு வசனம், மறந்துபோன எட்டாம் வாய்ப்பாடு. அதை ஜன்னலோரக்காரியின் கையில் கொடுத்தார். "நீயே வாசி கண்ணு. நீதான எப்பவும் வாசிக்கிறவ" என்றார். அவள் உள்ளதை வாசித்தாலும் சரி, இல்லாததை வாசித்தாலும் சரி, தீர்ப்புச் சொல்கிறவர் தாமாக இருக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம் வேலையை இன்னொருவர் தலையில் கட்டினார், அதுவும் ஏழு வயதுத் தலையில்.

அவள் தாளைப் பிடித்தாள். வகுப்பில் முப்பது பேரும் தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"படித்தது" என்று ஆரம்பித்தாள். "இந்த வாரம் பேழை கட்டினோம். மழை வந்தது. ரோடு மூழ்கியது. எல்லா லாரியும் மிதந்தது. பாடியது. மழை சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை. மறந்தது." ஒரு கணம் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தாள். "தலைமையாசிரியை மேடத்தை வெளியே மறந்துவிட்டோம். நனைந்துவிட்டார். பிறகு ஏற்றிக்கொண்டோம்."

ரிவர்ஸ் பெருமூச்சு விட்டார். "அப்பாடா, ஏத்திக்கிட்டீங்களே" என்று தலைமையாசிரியையைப் பார்த்துச் சொன்னார். தலைமையாசிரியை தம்மை அறியாமல் தோளைத் தட்டித் துடைத்துக்கொண்டார்.

"ஜெபக் குறிப்பு. லாரிக்கு நல்ல டயர் கிடைக்க. ரிவர்ஸ் மாமாவுக்குக் கல்யாணம் ஆக." வகுப்பே 'ஆமென்' என்றது. பழக்கதோஷம். "திருத்தம்" என்று வாசித்துவிட்டு அவள் நின்றாள்.

அங்கேதான் தாளில் ஒன்றுமே இல்லையே! இதுவரை கழித்தலுக்கு மேல் மழையைப் பெய்யவிட்டு வாசித்தவள், வெறும் வெள்ளைத் தாளைப் பார்த்ததும் திகைத்துவிட்டாள். அப்பா குனிந்து அவள் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்தார். அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர். கடன் வாங்கிக் கழித்தல் என்ற வரியையும், எட்டாம் வாய்ப்பாட்டையும், அடியில் இருந்த காலி இடத்தையும் பார்த்தார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. எங்கும் மழை இல்லை. அவர் உதடு லேசாகத் திறந்தது. நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். டீச்சரும் அவரைப் பார்த்தார். அப்பா மகளுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "திருத்தம் என்ன பாப்பா? வாசி. கேக்கறேன்" என்றார்.

"அப்பா வரமாட்டார் என்று எழுதினோம்" என்றாள் அவள். "தவறு. வந்துவிட்டார்."

சொல்லி முடித்ததும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்பாவும் அழுதார். ரிவர்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பலகையில் சாய்ந்து விம்மி விம்மி அழுதார். முப்பது பிள்ளைகளும் ஒன்றும் புரியாமல் கைதட்டினார்கள். தலைமையாசிரியை, "நான் எதுக்கு நனையணும்?" என்று மட்டும் முணுமுணுத்தார். முன்பு கேட்ட ஆமாவா இல்லையாவை அவர் மறுபடி கேட்கவில்லை.

அரை மணி நேரம் அப்பா வகுப்பிலேயே இருந்தார். முழங்கால் மார்பில் இடிக்கக் குட்டி பெஞ்சில் உட்கார்ந்து, நசுங்கிப்போன தீப்பெட்டிப் பேழையை நிமிர்த்திக் கூரை ஒட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது டீச்சரிடம் வந்து, "டீச்சர், அடுத்த வாரமும் கடிதம் உண்டில்ல?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அதை எந்தக் கடிதம் என்று எடுத்துக்கொள்வது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. "உண்டு" என்றார். ரிவர்ஸ் தயங்கித் தயங்கி, "டிப்போ செவுத்துல ஒட்டறதுக்கு ஒண்ணு கிடைக்குமா டீச்சர்?" என்றார்.

"முப்பத்தொண்ணுதான் எடுப்பேன்" என்று டீச்சர் வாயில் தானாகவே வந்தது. இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு லாரிக்கு நடந்தார்கள்.

டீச்சர் கடிதத்தை மேஜைமேல் வைத்து, திருத்தம் என்ற தலைப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரத் தப்புகள் துண்டுச் சீட்டில் மூன்று தயாராக இருந்தன. சீட்டை மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார். பிறகு பேனாவைத் திறந்து, அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே, ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல் எழுதினார். எழுதியதை வாசித்துப் பார்த்தார். ஒற்றுப் பிழை இல்லை. முப்பது வீடுகளில் இதைப் படித்துத் தலையைச் சொறியப் போகிறார்கள், சொறியட்டும் என்று விட்டுவிட்டார்.

கேட்டுக்கு வெளியே லாரி உறுமத் தொடங்கியது. டீச்சர் காவலாளியைக் கூப்பிட்டு, "வண்டிய ரெண்டு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க" என்றார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு இயந்திரத்தின் முன்னால் போய் நின்று, முப்பத்திரண்டு என்று அழுத்தினார்.